மானத்துக்கு ஆரம்ப விலை

12-8-77, வெள்ளி

காலையிலிருந்து சாரல். போடிமெட்டுப் பக்கம் மலையே தெரியவில்லை. ஸ்டோருக்கு விறகு ஒரு வண்டி வந்தது, பாதி ஈரம். ஏலக்காய் உலர்த்தும் அடுப்புக்கு ஈர விறகைக் கொண்டுவந்து இறக்குகிறவனை என்ன செய்வது. திட்டினேன். "மழைக்கு நானா அண்ணே பொறுப்பு?" என்றான். அதுவும் சரிதான்.

முதல் எடுப்பு. காய் பிரமாதம். கிளிப்பச்சை. அடுப்பு பார்க்கிற தோமாச்சன் ஸ்டோரை விட்டு நகரவே இல்லை, சோறு அங்கேயே போயிற்று. சூடு கூடினால் காய் வெடிக்கும், குறைந்தால் நிறம் செத்துவிடும். இந்த வருஷம் ஒன்றுகூடச் சாகவில்லை.

மூட்டைகளில் என் முத்திரை பெ.கோ. போட்டேன். தகரத்தில் வெட்டிய அச்சை வைத்து அழுத்தி மசி ஒற்ற வேண்டும். இந்த ஒரு வேலையை யாரிடமும் விடுவதில்லை. வேறு ஆள் போட்டால் மசி வழிந்து 'கோ' கால் ஒடிந்து நிற்கும்.

மதியம் மச்சினன் முருகேசன் வந்தான். மேலே தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பு அவனுடையது. சாப்பிட உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து மஞ்சள் காகிதம் ஒன்றை எடுத்தான். பஸ் ஸ்டாண்டில் கொடுக்கிறார்களாம். டீக்கடையெல்லாம் ஒட்டியிருக்கிறதாம்.

நோட்டீசை அப்படியே எழுதிவைக்கிறேன். 'எச்சரிக்கை. போடிமெட்டுச் சரிவில் தோட்டம் வைத்துள்ள பெ. கோவிந்தசாமி ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றி விற்கிறார். வடக்கே போன சரக்கு திரும்பி வந்துவிட்டது. வியாபாரிகள் ஏமாற வேண்டாம்.' கீழே தங்கவேல் தன் பேரையும் கடைப் பேரையும் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான். பயம் என்பது துளி இல்லை.

அவன் ஏலக்காடு என் காட்டுக்குக் கீழே. இரண்டுக்கும் தண்ணீர் தருகிற ஓடை என் எல்லையில். போன பங்குனியில் காட்டை விலைக்குக் கேட்டான், தரமாட்டேன் என்றேன். சிரித்துக்கொண்டே காப்பி குடித்துவிட்டுப் போனான். இனிமேல் அந்தப் பேரை முழுதாக எழுத மனமில்லை. த.வே. என்று போட்டால் போதும்.

என் சரக்கு எதுவும் எங்கிருந்தும் திரும்பி வந்ததில்லை. இதை எனக்கே எழுதிக்காட்ட வேண்டியிருக்கிறது.

13-8-77, சனி

தூறல் விட்டுவிட்டு. பல் வலி.

வீட்டுக்காரி பேச்சியம்மாளிடம் நோட்டீசைக் காட்ட வேண்டாம் என்றிருந்தேன். காலையில் தெருக்குழாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. குடத்தை இறக்கிவைத்துவிட்டு வந்து நின்றாள். "சாயம் போடுதோமாம்ல" என்றாள். அவ்வளவுதான். பிறகு மாவாட்ட உட்கார்ந்துவிட்டாள்.

தோமாச்சன் மேலிருந்து இறங்கி வந்தான். யாரோ படித்துச் சொல்லியிருக்கிறார்கள். "ஞான் தன்னே உணக்கின காயல்லே முதலாளி? அதுல சாயம் எவிடெ?" என்று நாலு தடவை கேட்டான், தான் உலர்த்திய காயில் சாயம் எங்கே என்று. எனக்குத்தான் கோபம் வர வேண்டும், அவன் அழுகிறான். அவனுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து மேலே அனுப்பினேன்.

டீக்கடையில் நான் போனதும் பேச்சு நின்றது. நின்ற பேச்சு என்னவென்று எனக்குத் தெரியும்.

வாங்க: கிராம்புத் தைலம், சாக்கு ஊசி, மண்ணெண்ணெய்.

17-8-77, புதன்

ஏலக்கூடம். வெயிலும் சாரலும் சேர்ந்து.

இங்கே ஒவ்வொருவர் சரக்கிலிருந்தும் ஒரு தட்டில் மாதிரிக் காய் சுற்றி வரும், தட்டில் தோட்டக்காரர் பேர்ச்சீட்டு. வியாபாரிகள் ஒரு கை அள்ளுவார்கள், தேய்ப்பார்கள், ஒன்றை உடைத்து மோந்து பார்ப்பார்கள், மிச்சத்தைத் தரையில் போட்டுவிட்டு அடுத்த தட்டு. சாயங்காலம் தரையெல்லாம் காய், செருப்புக்கு அடியில் நொறுங்கும். வெளியூர்க்காரன் பார்த்தால் வீணாகப் போகிறதே என்று பதறுவான். எங்களுக்கு அதுதான் சந்தோஷம். தட்டு காலியாகத் திரும்பி வந்தால் சரக்குக்குக் கிராக்கி.

என் தட்டு போனது. முதல் ஆள் சீட்டைப் படித்தார், அடுத்தவரிடம் தள்ளினார். அவரும் தள்ளினார். ஒருவர் விரலை நீட்டினார், நீட்டிய விரலைப் பார்த்துக்கொண்டு மடக்கிவிட்டார். கூடம் முழுக்கச் சுற்றிவிட்டுத் தட்டு வந்து சேர்ந்தது. குவித்து வைத்தது குவித்தபடி. ஒரு காய் தரையில் இல்லை.

ஏலம் கூவுகிறவர் ஆரம்ப விலை சொன்னார். மௌனம். இறக்கிச் சொன்னார். மௌனம். என் முகத்தைப் பார்க்காமல் "கேள்வி இல்ல, தள்ளு" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க நேரமாகிவிட்டது. த.வே. இரண்டாம் வரிசை. திரும்பிப் பார்க்கக்கூட இல்லை, அவசியமும் இல்லை.

ஜீப்பில் வரும்போது முருகேசன் சொன்னான். "மச்சான், எனக்கு மேல ஒரு ஏக்கர் கெடக்கு, ஏலக்காய்ப் பதிவும் இருக்கு. இந்த லோட எம்பேருல போட்டு விட்டுருவமா? வெரசாப் போயிரும்."

"என் காய் என் பேர்லதான் போகும் மாப்ளே. வண்டியப் பார்த்து ஓட்டு" என்றேன்.

24-8-77, புதன்

திரும்பவும் ஏலக்கூடம். இந்த முறை கண்ணாடி டம்ளர் கொண்டுபோனேன். வாசலில் எல்லோரும் வரும் நேரம், தண்ணீர் ஊற்றி என் காயைக் கைநிறையப் போட்டேன். தேய்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று கத்தியதாக ஞாபகம்.

வடக்கத்திச் சேட்டுக்கு வாங்குகிற ஏஜண்டு குனிந்து பார்த்தார். மரியாதையான மனிதர். "அண்ணே, நல்ல சாயமா இருந்தா தண்ணியில விடாதுங்க" என்றார் மெதுவாக.

சாயம் விட்டால் சாயம் இருக்கிறது. விடாவிட்டால் நல்ல சாயம் இருக்கிறது. டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். தட்டு இன்றும் குவித்தபடி.

வாசலுக்கு வரும் சில்லறை வியாபாரி பாதி விலைக்குக் கேட்டுப் போயிருக்கிறான். பேச்சியம்மாள் கொடுத்துவிடலாம் என்கிறாள்.

5-9-77, திங்கள்

பெரியகுளம் பஸ்சு. வழியெல்லாம் மழை, என் பக்கத்துக் கண்ணாடி ஏறவில்லை, வலது தோள் நனைந்தது. வக்கீல் வீட்டில் துண்டு கொடுத்தார்கள்.

வக்கீல் நோட்டீசைப் படித்துவிட்டுச் சிரித்தார். கேஸ் நிற்கும் என்றார். இரண்டு வழி. ஒன்று கிரிமினல், நிரூபணமானால் அவனுக்குத் தண்டனை, எனக்குச் சல்லிக்காசு கிடையாது. இன்னொன்று சிவில், மானநஷ்டம். "நோட்டீஸ் வந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டாகணும், அதத் தாண்டுனா யாரும் தொடமாட்டாங்க" என்றார்.

சிவில் என்றேன். என்ன கெட்டுப்போனது என்று ஒரு பெரிய மனிதர் வாயால் விலை சொல்ல வேண்டும். எனக்கு வேண்டியது அதுதான்.

"சரி, எம்புட்டுக் கேக்குறீங்க?"

"நீங்களே சொல்லுங்க."

"அத நான் சொல்ல முடியாதுண்ணே. உங்க பேரு, நீங்கதான் மதிப்புப் போடணும். ஆனா ஒண்ணு, கேக்கற தொகைக்குத் தக்கன முன்னாடியே கோர்ட் ஸ்டாம்பு கட்டணும். பெருசாக் கேட்டா ஸ்டாம்பும் பெருசு. ரொம்பப் பெருசுன்னா இந்தக் கோர்ட்டே கிடையாது, மேல போகணும். அவங்கவங்க எல்லைன்னு ஒண்ணு இருக்கு."

மானம் போனவன் முதலில் பணம் கட்ட வேண்டும். எவ்வளவு போனது என்பதற்கு ஏற்றபடி. நன்றாக இருக்கிறது. நான்கு நாள் டயம் கேட்டு வந்தேன்.

9-9-77, வெள்ளி

வெயில் வந்தது. மூன்று நாளாக மண்டையைக் குழப்பிக்கொண்டு இன்று தெளிந்தது.

எங்கள் தொழிலில் நல்ல சரக்கு வைத்திருப்பவன் உச்சியில் ஆரம்பிக்கமாட்டான். உச்சியில் ஆரம்பித்தால் கூடமே வாயை மூடிக்கொள்ளும். கீழே ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் கேட்பார், இன்னொருவர் ஏற்றுவார், சரக்கு தன் விலையைத் தானே தேடிக்கொள்ளும். இது போடியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். கோர்ட்டில் ஏற்றுவதற்கு நீதிபதி இருக்கிறார். நோட்டீசைப் பார்ப்பார், காயைப் பார்ப்பார், பத்து வருஷத்து விற்பனைச் சீட்டுகளைப் பார்ப்பார். நியாயமான மனிதராக இருந்தால் தானாக ஏற்றுவார். ஸ்டாம்பும் குறைவு. இரண்டும் ஒன்றாகக் கூடிவந்திருக்கிறது, கெட்டிக்காரத்தனம்தான்.

வக்கீலிடம் தொகை சொன்னேன். இங்கே எழுதவில்லை. ஒரு மூட்டை நல்ல காயின் விலை என்று வைத்துக்கொள்ளலாம்.

"இது போதுமாண்ணே?" என்று பேனாவைத் தூக்கிப்பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஆரம்பத்துக்குப் போதும்" என்றேன். தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார்.

வீட்டில் பேச்சியம்மாள், "ஏங்க இம்புட்டுக் கொறச்சலாக் கேட்டீக?" என்றாள். விவரம் சொன்னேன். அவளுக்கும் சரியென்றுதான் பட்டது. அவளும் ஏலக்காய்க்காரன் மகள்தானே. ஸ்டாம்புக்கும் வக்கீல் பீசுக்கும் அவள் சங்கிலி அடகுக்குப் போயிற்று. கேட்கும் முன்னாலேயே கழற்றி வைத்திருந்தாள்.

14-3-78, செவ்வாய்

வெக்கை ஆரம்பித்துவிட்டது. கோர்ட். வாய்தா. த.வே. தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லையாம்.

கோர்ட் வாசல் புளியமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டேன். பக்கத்தில் ராசிங்காபுரத்துக்காரர் ஒருவர், வரப்புத் தகராறு. "எம்புட்டு வருசமா நடக்குது?" என்றேன். "எங்க அப்பு போட்ட கேசுங்க" என்றார், ஊறுகாய் கொடுத்தார்.

இந்த வருஷக் காயும் வாசல் வியாபாரிக்கே, பாதி விலை. அவன் அதைக் கலந்து எங்கே விற்கிறானோ. கேட்டுக்கொள்ளவில்லை. வேலையாட்களைப் பாதியாகக் குறைத்தாயிற்று. தோமாச்சன் மட்டும் போகவில்லை. சம்பளம் தாமதமானால் "சாரமில்லா முதலாளி" என்கிறான். அது பரவாயில்லை என்று அர்த்தம்.

பின்வேலி இரண்டு இடத்தில் சாய்ந்திருக்கிறது. பன்றி வருகிறது.

6-2-79, செவ்வாய்

கூண்டில் ஏறினேன். கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

என் வக்கீல் கேட்டதற்கெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். விற்பனைச் சீட்டுகள் எல்லாம் காட்டினார். ஏலம் கூவுகிறவர் வந்து சாட்சி சொன்னார், தட்டு இப்படித் திரும்பியதை இதற்கு முன் பார்த்ததில்லை என்றார். இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பிறகு அவன் வக்கீல். சிரித்த முகம்.

"உங்க காய் ரொம்ப உசத்தியானதுன்னு சொல்றீங்க?"

"ஆமா."

"நல்ல காலத்தில ஒரு மூட்டை என்ன விலைக்குப் போகும்?"

இதில் நான் விட்டுக்கொடுப்பேனா. மிக உயர்ந்த விலையைச் சொன்னேன். கொஞ்சம் கூடவே சொன்னேன்.

"இந்தக் கேஸ்ல நீங்க கேட்டிருக்கற தொகை?"

சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே எங்கே போகிறான் என்று புரிந்தது. வாயை மூட முடியவில்லை.

"அப்ப உங்க மானம் முழுசா ஒரு மூட்டை தேறாது. அப்படித்தானே?"

பின்னால் சிரித்தார்கள். நீதிபதி மேசையைத் தட்டினார். சிரிப்பு நின்றது, ஆனால் அது பஸ்சில் எனக்கு முன்னாலேயே போடிக்குப் போய்விட்டது.

பரவாயில்லை. நீதிபதி என்னைப் பார்த்த பார்வை நல்ல பார்வை. ஏற்றுவார்.

11-2-79, ஞாயிறு

சந்தையில் கத்தரிக்காய் வாங்கும்போது பின்னால் ஒரு குரல்: "ஒத்த மூட்ட வர்றாரு, வழி விடுங்கப்பா." திரும்பவில்லை. கத்தரிக்காய் எல்லாம் சொத்தை, வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

27-4-79, வெள்ளி

தீர்ப்பு.

சித்திரை வெயில், கோர்ட்டில் மின்விசிறி ஓடவில்லை. இங்கிலீஷில் படித்தார். எனக்குப் புரிந்தது என் பேரும் அவன் பேரும்தான். வக்கீல் என் முழங்காலைத் தட்டினார். ஜெயித்துவிட்டோம் என்று அர்த்தம். பேச்சியம்மாளைக் கூட்டிவந்திருக்கலாம்.

வெளியே வந்து புளியமரத்தடியில் வக்கீல் விவரம் சொன்னார். நோட்டீஸ் முழுப்பொய். வேண்டுமென்றே செய்தது. வாதி யோக்கியமான வியாபாரி. எல்லாம் எழுதியிருக்கிறாராம். எனக்குக் காதில் தேன். பிறகு வக்கீல் கொஞ்சம் தயங்கினார்.

"இன்னொண்ணும் எழுதியிருக்காரு. உங்களுக்கு ஏற்பட்ட நஷ்டம் நீங்க கேட்டதப் போலப் பல மடங்குன்னு தெரியுதாம். ஆனா கேட்டதுக்கு மேல குடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்ல. அதனால கேட்டத முழுசாக் குடுத்திருக்காரு."

"ஏத்தலையா?" என்றேன்.

"ஏத்தறதா?"

"நான் ஆரம்ப விலதானே சொன்னேன். அவரு ஏத்துவாருன்னு..."

வக்கீல் என்னையே பார்த்தார். கறுப்புக் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார். "அண்ணே, ஆரம்பத்துக்குப் போதும்னு அன்னைக்குச் சொன்னீங்கள்ல. கேஸ் ஆரம்பிக்க ஸ்டாம்புக்குச் சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன். இங்க எறக்கத்தான் முடியும். ஏத்த முடியாது."

கேட்டேன், எல்லாவற்றையும் கேட்டேன். தொகையைத் திருத்த முடியாதா. கேஸ் நடக்கும்போது மனுப் போட்டு, மிச்ச ஸ்டாம்பு கட்டியிருந்தால் திருத்தியிருக்கலாம், இப்போது முடியாது. புதிதாகப் போட முடியாதா. அதே நோட்டீசுக்கு மறுபடி கிடையாது, ஒரு வருஷமும் என்றோ தாண்டிவிட்டது. அப்பீல்?

"அப்பீல் தோத்தவனுக்குண்ணே. நீங்க கேட்டது பூராக் கெடச்சிருச்சு. முழுசா ஜெயிச்சவரு எதை எதுத்து மேல போவீக?"

முழுதாக ஜெயித்துவிட்டேன். அதனால் மேலே வழியில்லை. இதை எத்தனை தரம் எழுதினாலும் மண்டையில் ஏறவில்லை.

வக்கீல் மேல் கோபப்படலாம் என்று பார்த்தேன். வரவில்லை. அவர் கேட்டார், நான் சொன்னேன். நீதிபதி மேலும் வரவில்லை. நல்ல மனிதர், தன் கைக்கு எட்டாததை எட்டாது என்று எழுதியும் வைத்துவிட்டார். பஸ்சில் வீரபாண்டித் திருவிழாவுக்குப் போகிற கூட்டம். நின்றுகொண்டே வந்தேன்.

28-4-79, சனி

பேச்சியம்மாளிடம் சொன்னேன். புடைத்துக்கொண்டிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு, "நானும் சரின்னுதானே சொன்னேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

4-5-79, வெள்ளி

த.வே. தொகையைக் கட்டிவிட்டான். இழுத்தடிக்கவில்லை, அப்பீல் இல்லை. கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கச் சொன்னானாம்: "ஒரு மூட்டக் காசுதானய்யா, தெரிஞ்சிருந்தா அன்னைக்கே குடுத்திருப்பேன். அவரே போட்ட வெல. நான் பேரம் பேசல." முருகேசன் வந்து சொன்னான். சொல்லும்போது தரையைப் பார்த்தான்.

அந்தப் பணத்தில் முதலில் சங்கிலியை மீட்டேன். மிச்சத்தில் தோமாச்சன் பாக்கி. அவ்வளவுதான் அது.

கை வலிக்கிறது. ஒன்றும் தூக்கவில்லை, சும்மா வலிக்கிறது.

22-8-79, புதன்

சாரல் நல்ல சாரல். இந்த வருஷக் காயைப் போல நான் பார்த்ததில்லை. தோமாச்சன் ஒரு கை கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தான். கடவுள் எதற்கு இப்போது தருகிறார் என்று தெரியவில்லை.

ஏலக்கூடத்துக்குத் தீர்ப்பு நகலைக் கொண்டுபோனேன். முத்திரை குத்திய நகல், தமிழில் பெயர்த்தும் எழுதி வாங்கியிருக்கிறேன். பலகையில் ஒட்டலாமா என்று கேட்டேன். விலைப்பட்டியல் ஒட்டும் இடம், வேறு ஒட்டக் கூடாது என்றார்கள். சரி என்று தட்டோடு சேர்த்து வைத்தேன்.

தட்டு போனது. இந்த முறை எல்லோரும் தொட்டார்கள், காயை அல்ல, காகிதத்தை. ஒவ்வொருவரும் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார்கள். கடைசிப் பக்கத்தில் என்ன இருக்கும், தொகை இருக்கும். முன்பக்கத்தில் யோக்கியமான வியாபாரி என்று எழுதியிருப்பதை யாரும் படிக்கவில்லை.

சேட்டின் ஏஜண்டு மட்டும் எழுந்து என்னிடம் வந்தார். "அண்ணே, தப்பா நெனக்காதீங்க. சேட்டு கேக்கச் சொல்றாரு. இந்தத் தொக நீங்களாக் கேட்டதா, கோர்ட்டு கொறச்சதா?"

"நானாக் கேட்டது."

இந்த வருஷம் நேரிலேயே வந்திருந்த சேட்டிடம் போய்ச் சொன்னார். சேட்டு தலையை ஆட்டினார். அவ்வளவு காலம் நான் விற்ற காயை வாங்கியவர். கோபமில்லை, இளக்காரமில்லை. விற்கிறவனே சொன்ன விலைக்கு மேல் வாங்குகிறவன் எதற்கு நினைக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

தட்டு குவித்தபடி வந்தது. நகல் மட்டும் கசங்கியிருந்தது.

25-8-79, சனி

முருகேசன் ஒன்றும் கேட்கவில்லை. நானேதான் கேட்டேன். "ஒம் பதிவு நடப்புல இருக்கா மாப்ளே?"

"இருக்கு மச்சான்" என்றான். பிறகு, "நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கல" என்றான்.

நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது, செப்டம்பரில் ஆள் கூலி கொடுக்க வேண்டும்.

29-8-79, புதன்

ஏலக்கூடம். கடைசி வரிசையில் தூண் ஓரம் உட்கார்ந்தேன். வெளியே மழை, கூரைத் தகரத்தில் சத்தம்.

அதே காய். அதே மூட்டை. தட்டில் சீட்டு மட்டும் முருகேசன்.

முதல் ஆள் ஒரு கை அள்ளினார். தேய்த்தார், மோந்தார், பக்கத்து ஆளைப் பார்த்தார். அடுத்தவர் இரண்டு கை. சேட்டு தானே எழுந்து வந்து அள்ளினார். தட்டு பாதிக் கூடத்தைத் தாண்டுவதற்குள் காலி, இன்னொரு தட்டு கொண்டுவரச் சொன்னார்கள். அதுவும் காலி. தரையெல்லாம் பச்சை. நடக்கும்போதெல்லாம் நொறுங்குகிற சத்தம், அந்த வாசனை.

ஆரம்ப விலை கீழே ஆரம்பித்தார்கள். கீழேதான் ஆரம்பிப்பார்கள். ஒருவர் கேட்டார். இன்னொருவர். சேட்டு. திரும்ப முதல் ஆள். த.வே.யும் கேட்டான், இரண்டு தரம் ஏற்றினான், தெரிந்து கேட்டானா தெரியாமல் கேட்டானா தெரியாது. யாரும் நிறுத்தவில்லை. ஏறிக்கொண்டே போனது. நான் சொன்னபடியேதான் நடந்தது, எல்லாம் நான் நினைத்தபடி. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம். அன்றைய விலையில் உச்சம். ஏலம் கூவுகிறவர் தூண் பக்கம் ஒரு தடவை பார்த்தார், உடனே சீட்டைப் பார்த்துக்கொண்டார்.

எல்லோரும் முருகேசன் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "மாப்ளே, எங்கய்யா வச்சிருந்த இப்பிடிக் காய?" என்று ஒருவர் தோளில் தட்டினார். அவன் நெளிந்தான். பாவம், அவனுக்கும் அது தண்டனைதான்.

நான் காலை எடுத்துவைத்தேன். செருப்புக்கு அடியில் நொறுங்கியது. இரண்டு வருஷமாக இந்தச் சத்தத்துக்குத்தான் ஏங்கினேன். நிற்க முடியவில்லை, வந்துவிட்டேன்.

30-8-79, வியாழன்

மழை இல்லை. மூட்டம்.

அடுத்த லோடு புதன்கிழமை. புது அச்சு வெட்டத் தகரக்காரனிடம் சொல்லியாயிற்று, முருகேசன் பேருக்கு. மசி வாங்க வேண்டும். விறகு சொல்ல வேண்டும், காய்ந்ததாக.

பழைய அச்சு பரணில் கிடந்தது, பெ.கோ. காலையில் தேடினேன், காணோம். பேச்சியம்மாள் அதை ஸ்டோர் சுவரில் எலி வருகிற பொந்தின்மேல் வைத்து ஆணி அடித்துவிட்டாள். நல்ல கனத் தகரம், எலி கடிக்காது என்றாள்.

"எழுத்து வழியா எறும்பு வரும்" என்றேன்.

"வரட்டும்" என்றாள்.